கர்ப்பகாலச் சிக்கல்களும் ஈஸ்ட்ரோஜனும்: அளவு குறைந்தால் மாத்திரை போதுமா?

கேட்டவரின் நிலைமை இது. முதல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, ப்ரீ-எக்லாம்ப்சியா என்று சொல்லி 34வது வாரத்தில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம். அந்த நோயில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும் என்று பின்னர் படித்திருக்கிறார். அடுத்த முறை கருத்தரித்ததும் ஈஸ்ட்ரோஜனை அடிக்கடி பரிசோதித்து, குறைந்தால் மாத்திரை எடுத்துக்கொண்டு, இதே நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இது நல்ல கேள்வி. நீங்கள் படித்ததும் பொய்யில்லை; பல ஆய்வுகளில் அப்படித்தான் தெரிகிறது. அதே தகவலை வைத்துக்கொண்டு அதே முடிவுக்கு மிகத் திறமையான மருத்துவர்களும் ஒரு காலத்தில் வந்தார்கள். அது எங்கே கொண்டுபோய்விட்டது என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஹார்மோன் கர்ப்பத்தில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரு குடும்பம். ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடியால், ஈஸ்ட்ரியால், ஈஸ்டெட்ரால் என்று அதில் நான்கு பேர். மாதவிடாய்ச் சுழற்சியில் முக்கியமானது ஈஸ்ட்ரடியால். சூலகம் அதைச் சுரக்கிறது. கருத்தரித்த முதல் சில வாரங்களிலும், முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசுதான் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோனையும் ஈஸ்ட்ரோஜனையும் தருகிறது. ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பதாவது வாரத்தில் அந்தப் பொறுப்பு நஞ்சுக்கொடிக்குக் கைமாறுகிறது. அதன்பிறகு அளவுகள் ஏறும் வேகம் வியப்பானது. பிரசவம் நெருங்கும்போது தாயின் ரத்தத்தில் ஈஸ்ட்ரடியால் கர்ப்பத்துக்கு முந்தைய அளவைப்போல் நூறு மடங்கு வரையும், ஈஸ்ட்ரியால் அதைவிடப் பல மடங்கும் கூடியிருக்கும்.

இவ்வளவையும் நஞ்சுக்கொடி தனியாகச் செய்வதில்லை, செய்யவும் முடியாது. கொலஸ்ட்ராலிலிருந்து புரோஜெஸ்ட்டிரோன் வரை அது செய்துவிடும். அங்கிருந்து ஈஸ்ட்ரோஜனுக்குப் போகத் தேவையான ஒரு நொதி அதனிடம் இல்லை. எனவே சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, தாயினுடையதும் சிசுவினுடையதும், டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற மூலப்பொருளை அனுப்புகின்றன. சிசுவின் கல்லீரல் அதில் ஒரு சிறு வேதி மாற்றத்தைச் செய்கிறது. நஞ்சுக்கொடி அதிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றி, அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரியாலாக மாற்றித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எகான் டிட்ஸ்ஃபாலுசி 1960களில் இதை விளக்கினார். ஈஸ்டெட்ராலைக் கண்டுபிடித்ததும் அவர் குழுதான். தாயின் ரத்தத்தில் சுற்றும் ஈஸ்ட்ரியாலில் சுமார் 90 சதவீதம் சிசு அனுப்பிய மூலப்பொருளிலிருந்து வந்தது. அந்த எண் தாயின் உடலைப் பற்றிச் சொல்வதைவிடச் சிசுவின் அட்ரீனல், சிசுவின் கல்லீரல், நஞ்சுக்கொடி ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

அதனால்தான் பரிசோதனைத் தாளில் ஈஸ்ட்ரியால் குறைவு என்று வந்தால் அதற்கு எத்தனையோ பொருள் இருக்கலாம். மூளை வளராத சிசுவில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலைத் தூண்டாததால் குறையலாம். சிசுவின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் தற்காலிகமாகக் குறையலாம். ஆண் குழந்தைக்குப் பிறவியிலேயே ஸ்டீராய்டு சல்ஃபட்டேஸ் நொதி இல்லாமல் இருந்து, அதனால் குறையலாம். இந்தக் கடைசி வகைக் குழந்தைகள் பெரும்பாலும் நலமாகவே பிறக்கின்றன. பின்னர் தோலில் மீன் செதில் போன்ற வறட்சி தோன்றும், அவ்வளவுதான். சிலருக்குப் பிரசவ வலி தொடங்கத் தாமதமாகும். 1960களிலும் 70களிலும் கர்ப்பிணிகளிடம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஈஸ்ட்ரியாலை அளந்து, சிசுவின் நலத்தைக் கணிக்க முயன்றார்கள். அல்ட்ராசவுண்டும் சிசுவின் இதயத் துடிப்புக் கண்காணிப்பும் வந்தபிறகு அந்த வழக்கம் மறைந்தது. இன்று ஈஸ்ட்ரியால் இரண்டாம் மும்மாதத்தில் குரோமோசோம் கோளாறுகளுக்கான நான்கு குறியீட்டு ரத்தப் பரிசோதனையில் ஒன்றாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு அரிய நோயையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்கிறது. 1991இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு கர்ப்பிணியைப் பற்றி எழுதினார்கள். அவர் வயிற்றில் இருந்த சிசுவின் நஞ்சுக்கொடியில் அரோமட்டேஸ் நொதி வேலை செய்யவில்லை. சிசு அனுப்பிய மூலப்பொருள் ஈஸ்ட்ரோஜனாக மாறாமல் ஆண் ஹார்மோன்களாகத் தேங்கியது. இந்த நிலையில் தாய்க்கு முகப்பரு வரும், ரோமம் வளரும், குரல் தடிக்கும். பிரசவத்துக்குப் பிறகு இவை பெரும்பாலும் தணியும். சிசு பெண்ணாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு ஆண் சாயலில் அமையும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் அவ்வளவு குறைந்தும் கர்ப்பம் நிலைத்தது, குழந்தை பிறந்தது. மறுபுறம், 1970களில் ஆர்பட் சாப்போ என்ற ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். ஏழு வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கரு கலைகிறது. புரோஜெஸ்ட்டிரோன் கொடுத்தால் தப்புகிறது. ஈஸ்ட்ரடியால் மட்டும் கொடுத்தால் தப்பவில்லை. கர்ப்பத்தைத் தாங்கி நிற்பது புரோஜெஸ்ட்டிரோன். ஈஸ்ட்ரோஜனின் வேலை வேறு: எங்கே ரத்தம் பாய வேண்டும், எந்தத் திசு எப்போது எதற்குத் தயாராக வேண்டும் என்பதில்தான் அதன் கை இருக்கிறது.

அந்த வேலையை அது ஏற்பிகள் வழியாகச் செய்கிறது; ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள் அவை. 1950களின் இறுதியில் எல்வுட் ஜென்சன் என்ற ஆய்வாளர் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரடியாலைக் கொண்டு, கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் காட்டினார். அப்படிப் பிடித்துக்கொண்ட புரதத்தைத்தான் இன்று ஆல்ஃபா ஏற்பி என்கிறோம். 1996இல் பீட்டா ஏற்பி கிடைத்தது. செல்லின் மேலுறையோடு தொடர்புடைய, ஜிபிஇஆர் எனப்படும் மூன்றாவது ஏற்பியும் உண்டு. ஆல்ஃபா ஏற்பி கருப்பைத் தசையிலும் உட்சவ்விலும் கல்லீரலிலும் வலுவாக இருக்கிறது. கர்ப்பிணியின் கருப்பைத் தமனிகளின் உட்சுவரில் பீட்டா ஏற்பியின் பங்கு கூடுகிறது. ஒரே ஈஸ்ட்ரடியால் மூலக்கூறு, கல்லீரலில் ரத்த உறைவுப் புரதங்களைக் கூட்டுகிறது. தமனியில் சில நிமிடங்களுக்குள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடச் செய்து குழாயை விரிக்கிறது. கருப்பைத் தசையில் பல மணி நேரம் எடுத்து மரபணுக்களை இயக்கி, தசையைச் சுருங்குவதற்குத் தயார் செய்கிறது. ரத்தத்தில் இருக்கும் அளவு இந்த மூன்று இடத்துக்கும் ஒன்றே. எந்த ஏற்பி, எந்தத் திசு, எந்த வாரம் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாச் சிக்கல்களும் புரியும்.

இப்போது உங்களுடைய ப்ரீ-எக்லாம்ப்சியாவுக்கு வருகிறேன். 20வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டும்போது நாம் அதைக் கண்டுபிடிக்கிறோம். குறிப்பாக முன்கூட்டியே வரும் வகையில், பிரச்சினை தொடங்குவது அதற்கு வெகு முன்பு. முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச்சுவரை அகற்றி, இறுக முடியாத அகலக் குழாய்களாக மாற்ற வேண்டும். அது சரியாக நடந்தால், நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டராக இருந்த கருப்பையின் ரத்த ஓட்டம் பிரசவ காலத்தில் 500 மில்லிலிட்டருக்கு மேல் போகும். சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடி மூச்சுத் திணறுகிறது. அது வெளிவிடும் எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதம் தாயின் ரத்தக் குழாய்களுக்குத் தேவையான வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து முடக்குகிறது. சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எல்லா இடத்திலும் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் இதில் எங்கே வருகிறது? பபூன் குரங்குகளில் யூஜின் ஆல்பிரெக்ட், ஜெரால்ட் பெப் ஆகியோர் செய்த சோதனைகள் இங்கே மிக முக்கியமானவை. கர்ப்பத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் ஈஸ்ட்ரோஜன் இயல்பாகக் குறைவாக இருக்கும். அந்தக் கட்டத்தில் அவர்கள் அதைச் செயற்கையாக உயர்த்தினார்கள். ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் சுருள் தமனிகளுக்குள் புகுவது வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் தாய்க் குரங்குகளின் ரத்த அழுத்தமும் உயர்ந்தது. அதாவது அந்தத் தொடக்க வாரங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதுதான் தமனிகள் சரியாக மாறுவதற்கான நிபந்தனை. கருத்தரித்ததும் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுவது, எந்த நோயைத் தடுக்க நினைக்கிறீர்களோ அந்த நோய்க்கே வழி திறந்துவிடக்கூடும்.

பிந்தைய மாதங்களில் நிலைமை தலைகீழ். அப்போது ஈஸ்ட்ரடியால் கருப்பைத் தமனிகளை விரித்து வைக்கும் சக்திகளில் ஒன்று. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ள பெண்களின் நஞ்சுக்கொடியில் அரோமட்டேஸ் குறைந்திருப்பதும், ரத்தத்தில் ஈஸ்ட்ரடியால் குறைந்திருப்பதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. நீங்கள் படித்தது இதைத்தான். ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையே அரோமட்டேஸைக் குறைக்கும். தமனி குறுகியதால் நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் குறைந்து, அதனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அதனால் தமனி மேலும் இறுகுகிறது என்ற சுழல் இங்கே இருக்கலாம். அந்தச் சுழலின் நடுவில் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைவைக் காரணம் என்று சொல்வதும் விளைவு என்று சொல்வதும் இரண்டும் பாதி உண்மைதான். எது எப்படி இருந்தாலும், 12வது வாரத்தில் மாறத் தவறிய தமனியை 30வது வாரத்தில் கொடுக்கும் ஹார்மோன் மாற்றியமைக்காது.

இதன் நீட்சியாக ஓர் அழகான கண்டுபிடிப்பு 2008இல் வந்தது. ஈஸ்ட்ரடியால் உடைந்து, காம்ட் என்ற நொதியால் 2-மெத்தாக்ஸி ஈஸ்ட்ரடியாலாக மாறுகிறது. இது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளை அதிகம் தொடுவதில்லை. ஆக்சிஜன் குறைவுக்கு எதிர்வினையாற்றும் எச்ஐஎஃப் புரதத்தை அடக்குகிறது. காம்ட் இல்லாத கர்ப்பிணி எலிகளுக்கு ரத்த அழுத்தம், புரத இழப்பு உட்பட ப்ரீ-எக்லாம்ப்சியாவை ஒத்த நோய் வந்தது. 2-மெத்தாக்ஸி ஈஸ்ட்ரடியால் கொடுத்ததும் தணிந்தது. கடுமையான ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ள பெண்களிடமும் இந்தப் பொருள் குறைந்திருந்தது. ஆனால் எலியில் கிடைத்த இந்த வெற்றியிலிருந்து கர்ப்பிணிகளுக்கான மருந்து எதுவும் இன்றுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை.

செயற்கைக் கருத்தரிப்பு இதே பாடத்தை மனிதர்களிடமே காட்டுகிறது. சூலகத்தை ஊசிகளால் தூண்டி, ஈஸ்ட்ரடியால் மிக உயர்ந்திருக்கும் அதே சுழற்சியில் கருவைப் பதித்தால், எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. சரி, கருவை உறைய வைத்து, பிறிதொரு மாதம் மாத்திரைகளால் கருப்பையைத் தயார் செய்து பதிக்கலாமே என்றால், அங்கே ப்ரீ-எக்லாம்ப்சியா கூடுகிறது. அந்தச் சுழற்சியில் முட்டை வெளிவராததால் கார்பஸ் லூட்டியம் இல்லை. அது தரும் ரிலாக்ஸின் போன்ற பொருள்களும் இல்லை. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்டிரோனையும் மாத்திரையால் ஈடுசெய்தும் தாயின் ரத்தக் குழாய்கள் எதிர்பார்த்தபடி இளகவில்லை என்பதுதான் இன்று பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். இயல்பான முட்டை வெளியேற்றத்தோடு கருவைப் பதித்தால் இந்த ஆபத்து குறைவாக இருக்கிறது. அடுத்த கர்ப்பத்துக்குச் செயற்கைக் கருத்தரிப்பை நாடுவதாக இருந்தால் இதை உங்கள் மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள்.

இனி, முதலில் சொன்ன அந்தப் பழைய கதை. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார்கள். வாயால் சாப்பிடலாம், விலை மலிவு, காப்புரிமையும் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதி, ப்ரீ-எக்லாம்ப்சியாவும் கர்ப்ப இழப்பும் வருவதற்கு முன் பெண்களின் சிறுநீரில் ஹார்மோன்கள் குறைவதைக் கவனித்தார்கள். இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தூண்டி அந்தக் குறையைத் தீர்க்கும் என்று கருதி, 1940களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். குறைகிறது, எனவே நிரப்புவோம் என்ற அந்தத் தர்க்கம் உங்கள் கேள்வியில் உள்ள தர்க்கமேதான்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டீக்மன் குழுவினர் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பயனும் தெரியவில்லை. அந்தத் தரவை 1978இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் அலசியபோது, மருந்து எடுத்தவர்களிடம் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அதிகமாகவே இருந்தது தெரியவந்தது. பயனில்லை என்று முடிவு வந்த பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மருந்தை எழுதிக்கொடுத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்; கர்ப்பத்தை இழந்த பெண்களும் நம்பிக்கையோடுதான் விழுங்கினார்கள். அந்த நம்பிக்கைக்குச் சான்று எதுவும் இல்லை என்பது அப்போதே அச்சில் இருந்தது.

1971இல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் 15 முதல் 22 வயதுக்குட்பட்ட எட்டு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அந்த வயதில் காணவே முடியாத ஒரு வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் அவர்களுக்கு. எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் இந்த மருந்தை எடுத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தாய் வயிற்றில் இருந்தபோது இந்த மருந்துக்கு ஆளான மகள்களில் புற்றுநோய் வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர். அதைவிட மிக அதிகமானவர்களுக்குக் கருப்பையே ஆங்கில டி எழுத்து வடிவில் குறுகி அமைந்திருந்தது. கர்ப்பத்தைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து, அந்தக் கர்ப்பத்தில் பிறந்த மகளுக்குக் கருப்பைக்கு வெளியே கரு தங்கும் வெளிக்கர்ப்பத்தையும் கருச்சிதைவையும் குறைப்பிரசவத்தையும் கொடுத்தது. காரணம் என்ன என்பதைப் பின்னர் எலிகளில் பார்த்தார்கள். ஆல்ஃபா ஏற்பி இல்லாத எலிகளில் இந்தச் சிதைவு ஏற்படவில்லை. சிசுவின் கருப்பை உருவாகும் வாரங்களில் அந்த ஏற்பியை அந்த வலிமையோடு தட்டியதுதான் சேதம். இயற்கையான ஈஸ்ட்ரடியாலை ரத்தத்தில் உள்ள புரதங்கள் பிடித்துவைக்கும், நஞ்சுக்கொடியும் வலிமை குறைந்த வடிவத்துக்கு மாற்றும். இந்தச் செயற்கைப் பொருள் அந்தக் காவல்களில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிட்டது.

குறைப்பிரசவத்திலும் ஈஸ்ட்ரோஜன் தரும் சமிக்ஞைக்குப் பங்கு உண்டு. கர்ப்பம் முழுவதும் புரோஜெஸ்ட்டிரோன் கருப்பைத் தசையை அமைதியாக வைத்திருக்கிறது. அதே நேரத்தில் தசையில் ஆல்ஃபா ஏற்பியையும் அடக்கி வைக்கிறது. மனிதர்களில் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரோன் குறைவதில்லை. தசை அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. அப்போது ஆல்ஃபா ஏற்பி தலைதூக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் தசை செல்களுக்கிடையே கனெக்சின்-43 என்ற இணைப்புகளை உருவாக்கி, எல்லாச் செல்களும் ஒன்றாகச் சுருங்க வழி செய்கிறது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஹார்மோனுக்கான ஏற்பிகளைக் கூட்டுகிறது. சுருக்கத்தைத் தூண்டும் இன்னொரு பொருளான புராஸ்டாகிளாண்டினின் உற்பத்தியையும் தூண்டுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் சிஆர்ஹெச் ஹார்மோன் சிசுவின் அட்ரீனலைத் தூண்டி, அந்த ஈஸ்ட்ரோஜனுக்கான மூலப்பொருளைக் கூட்டுகிறது. ரீசஸ் குரங்குகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனாக மாற்றக்கூடிய ஆண்ட்ரோஸ்டீன்டயோனைச் செலுத்தினால் முன்கூட்டியே பிரசவம் நடக்கிறது. அரோமட்டேஸைத் தடுத்தால் நடப்பதில்லை. ஆனால் ஈஸ்ட்ரடியாலை நேரடியாக ரத்தத்தில் ஏற்றினால் வலி மட்டும் வருகிறது, பிரசவம் முழுமையாக நடப்பதில்லை. திசுவுக்குள்ளேயே உருவாகும் ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலையை ரத்தத்தில் ஏற்றிய ஈஸ்ட்ரோஜன் செய்யவில்லை. உமிழ்நீரில் ஈஸ்ட்ரியால் கூடுவதை வைத்துக் குறைப்பிரசவத்தைக் கணிக்கும் பரிசோதனை ஒன்று அமெரிக்காவில் 1990களின் இறுதியில் அனுமதி பெற்றது. தவறான எச்சரிக்கைகள் அதிகமாக இருந்ததால் நிலைக்கவில்லை.

ஈஸ்ட்ரோஜன் கூடுவதே நேரடியாகத் தொல்லை தரும் இடம் ஒன்று உண்டு என்றால் அது கல்லீரல். ஏழாம், எட்டாம் மாதத்தில் இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கும். தோலில் தடிப்பு எதுவும் இருக்காது, சொறிந்த நகக் கீறல்கள் மட்டும் இருக்கும். தூக்கம் போய்விடும். வெப்பம், வறட்சி என்று சொல்லிப் பூச்சு மருந்து தடவிக்கொண்டே நாள்களை ஓட்டிவிடுவோர் உண்டு. இது கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாக இருக்கலாம். கல்லீரல் கழிவாக்கி வெளியேற்றும் ஈஸ்ட்ரடியால் குளுக்குரோனைடு, பித்த உப்புகளைப் பித்த நாளத்துக்குள் தள்ளும் புரதப் பம்பையே தடுக்கிறது. புரோஜெஸ்ட்டிரோனின் சல்ஃபேட் கழிவுகளும் சேர்ந்துகொள்கின்றன. பிறவியிலேயே அந்தப் பம்புகள் சற்றுப் பலவீனமாக உள்ள பெண்ணுக்குப் பித்த அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் இது அதிகம். கருத்தடை மாத்திரை எடுத்தபோது அரிப்பு வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. 2019இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் அந்த அளவை எட்டியவர்களிடம் அது சுமார் 3.4 சதவீதம், 40க்குக் கீழ் இருந்தவர்களிடம் 0.13 சதவீதம். எனவே அந்த அரிப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கல்லீரலின் ஆல்ஃபா ஏற்பி வழியாகவே ரத்த உறைவுக் காரணிகளும் கூடுகின்றன. உறைவைத் தடுக்கும் புரோட்டீன்-எஸ் குறைகிறது. பிரசவத்தில் ரத்தம் விரயமாகாமல் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதன் மறுபக்கமாக, கர்ப்பத்தில் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து நான்கைந்து மடங்கு. பிரசவத்துக்குப் பின்னான ஆறு வாரங்களில் அதைவிட அதிகம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கருத்தரித்த உடனேயே அளவைக் கூட்ட வேண்டி வருவதற்கும் ஈஸ்ட்ரோஜன் ஒரு முக்கியக் காரணம்: தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தை அது ரத்தத்தில் பெருக்குகிறது.

எல்லாவற்றையும் ஈஸ்ட்ரோஜன் தலையில் கட்டுவதும் தவறு. கடும் வாந்திக்கு நெடுங்காலம் அதைத்தான் குறை சொன்னார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்-15 என்ற புரதம்தான் முக்கியக் காரணம் என்று 2023இல் வலுவான சான்று வந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயிலும் இன்சுலினை எதிர்ப்பவை முதன்மையாக நஞ்சுக்கொடியின் வேறு ஹார்மோன்கள். எலிகளில் ஈஸ்ட்ரடியால் கணையத்தின் பீட்டா செல்களைக் காக்கவே செய்கிறது.

ஆகவே அடுத்த கர்ப்பத்தில் ஈஸ்ட்ரடியால், ஈஸ்ட்ரியால் அளவுகளை மாதாமாதம் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அந்த எண்ணை வைத்து யாரும் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. உங்கள் மன அமைதியை மட்டும் அது கெடுக்கும். உங்களுக்குப் பயன் தரக்கூடியது வேறு. கருத்தரிக்கும் முன்பே ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். கரு உறுதியானதும் குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்; 16 வாரத்துக்கு முன் தொடங்குவதே நல்லது. 2017இல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. உணவில் கால்சியம் குறைவாக இருந்தால் அதற்கான மாத்திரையும் உதவும். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி ஒன்று இருக்கட்டும். தீராத தலைவலி, கண் முன் மின்னுதல், வலது விலாவுக்குக் கீழ் வலி ஆகியவை வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. கருத்தடை மாத்திரை எடுத்தபோது அரிப்போ மஞ்சள் காமாலையோ காலில் ரத்த உறைவோ வந்ததா? கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் முன்பு இருந்ததா? தைராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா? கரு இயல்பாக நின்றதா, உறைய வைத்த கருவைப் பதித்ததா? ஈஸ்ட்ரோஜனுக்கு உங்கள் உடல் எப்படி எதிர்வினை செய்யும் என்பதை ரத்தத்தில் உள்ள அளவைவிட இந்தப் பதில்கள்தான் அவருக்குத் தெளிவாகச் சொல்லும்.